விர்ச்சுவல் மெஷினில் டிஸ்க் இழுக்கிறதா? காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

விஎம் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்ததும் பலரும் முதலில் கை வைப்பது ராமிலும் சிபியுவிலும்தான். இரண்டு கோர் கூட்டுவார்கள், 4 ஜிபி ராம் சேர்ப்பார்கள், ரீபூட் செய்வார்கள். ரீபூட் ஆனபின் கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகவே ஓடும். அப்புறம் பழைய கதைதான். டிஸ்க்கில் இருக்கிற கோளாறுக்கு இதெல்லாம் மருந்தில்லை.

டிஸ்க்தான் காரணம் என்று தெரிந்தாலும் அடுத்த கேள்வி வருகிறது: எந்த இடத்தில்? விஎம்முக்குள் ஒரு புரோகிராம் 4 கேபி எழுதச் சொன்னால், அது கெஸ்ட்டின் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்) ஃபைல் சிஸ்டம், கெஸ்ட்டின் டிரைவர், ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்), இமேஜ் ஃபைல் (விஎம்மின் டிஸ்க்காக வேலை செய்யும் ஃபைல்), ஹோஸ்ட்டின் (விஎம்கள் ஓடும் நிஜக் கணினி) ஃபைல் சிஸ்டம், ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைப்பது) அல்லது நெட்வொர்க் ஸ்டோரேஜ் என்று வரிசையாக இறங்கிப் போய்த்தான் நிஜ டிஸ்க்கைத் தொடுகிறது. பதிலும் அதே வழியில் ஏறி வர வேண்டும். தாமதம் இதில் எந்தப் படியில் சேர்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு. அது தெரிந்துவிட்டால் சரிசெய்வது பல நேரங்களில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றுவதோடு முடிந்துவிடும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் முதலில் அளவெடுப்பதைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

படி 1: புகாரை எண்ணாக மாற்றுங்கள்

"ஸ்லோவா இருக்கு" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. டிஸ்க்கைப் பற்றிப் பேச மூன்று எண்கள் வேண்டும். நொடிக்கு எத்தனை வேண்டுகோள்கள் முடிகின்றன என்பது ஐஓபிஎஸ். நொடிக்கு எத்தனை எம்பி நகர்கிறது என்பது த்ரூபுட். ஒரு வேண்டுகோள் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது லேட்டன்சி.

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது லேட்டன்சிதான். மற்ற இரண்டும் வேலை எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்து ஏறும் இறங்கும். யாரும் டிஸ்க்கைத் தொடாதபோது ஐஓபிஎஸ் குறைவாகத்தான் இருக்கும். அது கோளாறு ஆகாது. லேட்டன்சி அப்படியல்ல.

மூன்றையும் இணைக்கிற எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை வேண்டுகோள்கள் காத்திருக்கின்றனவோ அந்த எண்ணை லேட்டன்சியால் வகுத்தால் கிடைப்பது ஐஓபிஎஸ். ஒரு வேண்டுகோள் முடிந்தபிறகே அடுத்ததை அனுப்புகிற புரோகிராம் ஒன்று இருக்கிறது, லேட்டன்சி 10 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 100 வேண்டுகோளுக்கு மேல் அது போகவே போகாது. கீழே இருப்பது 1 லட்சம் ஐஓபிஎஸ் தாங்கும் ஸ்டோரேஜாக இருந்தாலும் இதே 100தான். "புது ஸ்டோரேஜ் வாங்கியும் டேட்டாபேஸ் வேகம் கூடவில்லை" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும்.

படி 2: உண்மையிலேயே டிஸ்க்தானா?

லினக்ஸ் கெஸ்ட்டில் விஎம்ஸ்டாட் கமாண்டை ஒரு நொடி இடைவெளியில் ஓடவிடுங்கள். முதல் வரியை விட்டுவிடுங்கள். அது பூட் ஆனதிலிருந்து இதுவரைக்குமான சராசரி. அடுத்தடுத்த வரிகளில் நான்கு இடங்களைக் கவனித்தால் போதும்.

"பி" என்ற பத்தியில் எண் தொடர்ந்து இருந்தால், அத்தனை புரோசஸ்கள் ஐஓவுக்காக (டிஸ்க்கில் வாசிப்பது, எழுதுவது) முடங்கிக் கிடக்கின்றன என்று அர்த்தம். "டபிள்யூஏ" அதிகமாக இருந்தால் சிபியு சும்மா உட்கார்ந்து டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. "எஸ்ஐ", "எஸ்ஓ" இரண்டிலும் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்வாப் (ராம் போதாமல் அதில் உள்ளதை டிஸ்க்குக்கு மாற்றுவது) நடக்கிறது. அப்போது டிஸ்க் வெறும் பலிகடா, நிஜக் குறை ராமில். (கட்டுரையின் தொடக்கத்தில் நான் கிண்டல் செய்த ராம் கூட்டும் வைத்தியம் பலிப்பது இந்த ஒரு இடத்தில்தான்.) "எஸ்டி" உயர்ந்திருந்தால் ஹோஸ்ட்டில் சிபியு நெருக்கடி. விஎம்முக்குச் சிபியு கிடைக்கத் தாமதமானால், முடிந்துபோன டிஸ்க் வேண்டுகோள்கூட முடியாதது போலத் தெரியும்.

கர்னல் 4.20 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால், ப்ராக் டைரக்டரிக்குள் ப்ரெஷர் என்பதன் கீழ் உள்ள ஐஓ ஃபைலையும் படித்துப் பாருங்கள். கடந்த 10, 60, 300 நொடிகளில் எத்தனை சதவீத நேரம் ஐஓவுக்காக வேலை தடைபட்டது என்று அதுவே சொல்லிவிடும். சில டிஸ்ட்ரோக்களில் இது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கர்னல் பூட் ஆப்ஷனில் இயக்கிக்கொள்ளலாம்.

யார் இவ்வளவு படிக்கிறார்கள், எழுதுகிறார்கள் என்று பார்க்க ஐஓடாப் அல்லது பிட்ஸ்டாட் உதவும். லாக் லெவலை டீபக்கில் விட்டுவிட்டு மறந்துபோன சர்வீஸ் ஒன்று நொடிக்கு ஆயிரம் வரிகள் எழுதிக்கொண்டிருப்பது இங்கேதான் அகப்படும். அகப்பட்டால் மீதிப் படிகள் தேவையே இல்லை.

படி 3: கெஸ்ட்டுக்குள் லேட்டன்சியை அளவெடுங்கள்

ஐஓஸ்டாட் கமாண்டை விரிவான வடிவத்தில், ஒரு நொடி இடைவெளியில் ஓட்டுங்கள். இதிலும் முதல் அறிக்கை பூட் ஆனதிலிருந்து உள்ள சராசரிதான், தள்ளிவிடுங்கள். வாசிப்புக்கு "ஆர் அவெயிட்", எழுதுவதற்கு "டபிள்யூ அவெயிட்" என்று இரண்டு பத்திகள் இருக்கும், இரண்டும் மில்லிசெகண்டில். பக்கத்திலேயே வரிசையின் நீளத்தைக் காட்டும் பத்தியும் இருக்கும்.

கடைசிப் பத்தியில் உள்ள "யூடில்" 100 சதவீதம் காட்டினால் பலர் பதறிவிடுகிறார்கள். டிஸ்க்கிடம் ஒரு வேண்டுகோளாவது நிலுவையில் இருந்த நேரத்தைத்தான் அது சொல்கிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரே ஒன்று இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. ஒரே நேரத்தில் பல வேண்டுகோள்களைக் கையாளும் எஸ்எஸ்டிக்கோ ரெய்டு வரிசைக்கோ 100 சதவீதம் என்பது நிரம்பிவிட்டது என்று பொருளல்ல. அவெயிட் குறைவாக இருக்கும்வரை கவலை வேண்டாம்.

எவ்வளவு இருந்தால் அதிகம்? 7200 சுழற்சி ஹார்ட் டிஸ்க்கில் பிளேட் அரைச் சுற்று சுற்றவே சராசரியாக 4.17 மில்லிசெகண்ட் ஆகிறது. ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால் ரேண்டம் (இடம் மாறி மாறிப் படிக்கும்) வாசிப்பு ஒன்றுக்கு 10, 12 மில்லிசெகண்ட் ஆவது இயல்பு. எஸ்எஸ்டியில் 1 மில்லிசெகண்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஓடும் விஎம்மில் தொடர்ந்து 20க்கு மேல் போனாலும், எஸ்எஸ்டியின் மேல் ஓடுவதில் 5க்கு மேல் போனாலும் நான் தோண்ட ஆரம்பித்துவிடுவேன்.

விண்டோஸ் கெஸ்ட் என்றால் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் பிசிக்கல் டிஸ்க் என்பதன் கீழ், ஒரு வாசிப்புக்கும் ஒரு எழுத்துக்கும் (டிஸ்க்கில் ஒருமுறை எழுதுவது) ஆகும் சராசரி நேரத்தைக் காட்டும் கவுண்டர்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை நொடியில் காட்டும். 0.025 என்று பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, சின்ன எண்தான்" என்று கடந்துபோகிறவர்கள் நிறைய. அது 25 மில்லிசெகண்ட்!

படி 4: அதே நிமிடத்தில் ஹோஸ்ட்டிலும் அளவெடுங்கள்

மொத்த வேலையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். கெஸ்ட்டில் ஒரு நாளும் ஹோஸ்ட்டில் இன்னொரு நாளும் எடுத்த எண்களை வைத்து ஒப்பிட முடியாது. இரண்டு டெர்மினல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இழுக்கிற நேரத்திலேயே இரண்டு பக்கமும் ஐஓஸ்டாட் ஓட்ட வேண்டும்.

கெஸ்ட்டில் 40, ஹோஸ்ட்டின் நிஜ டிஸ்க்கில் 38 என்று வந்தால் கெஸ்ட்டின் மேல் பழியில்லை. ஸ்டோரேஜே மெதுவாக இருக்கிறது அல்லது வேறு யாரோ அதை ஆக்கிரமித்திருக்கிறார்கள். கெஸ்ட்டில் 40, ஹோஸ்ட்டில் 2 என்றால் நடுவில் உள்ள ஏதோ ஒன்று 38 மில்லிசெகண்டை விழுங்குகிறது: பழைய வகை கன்ட்ரோலர், ஸ்னாப்ஷாட் (விஎம் டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது) சங்கிலி, யாரோ போட்டு வைத்த வேகக் கட்டுப்பாடு, ஹோஸ்ட்டில் சிபியு பற்றாக்குறை. இரண்டு பக்கமும் 2தான், ஆனாலும் புரோகிராம் மெதுவாக இருக்கிறது என்றால் டிஸ்க்கை விட்டுவிட்டு, புரோகிராம் எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு சின்ன எழுத்துக்கும் சிங்க் (நிஜ டிஸ்க்கில் எழுதி முடித்தபிறகே பதில் சொல் என்பது) கேட்கிறதா, நெட்வொர்க்கில் மாட்டியிருக்கிறதா என்று.

கேவிஎம் (லினக்ஸின் ஹைப்பர்வைசர்) ஹோஸ்ட்டில் ஒவ்வொரு விஎம்மும் தனி க்யூஎமு (விஎம்மை ஓட்டும் புரோகிராம்) புரோசஸ் என்பது வசதி. ஹோஸ்ட்டில் ஐஓடாப் போட்டால் எந்த விஎம் எவ்வளவு எழுதுகிறது என்று நேரடியாகவே தெரிந்துவிடும்.

விஎம்வேர் ஹோஸ்ட் என்றால் இந்தக் கழித்தலை ஈஎஸ்எக்ஸ்டாப் உங்களுக்காகவே செய்து வைத்திருக்கிறது. "டி-ஆவரேஜ்" என்பது கீழே உள்ள டிஸ்க் எடுத்துக்கொண்ட நேரம், "கே-ஆவரேஜ்" ஹைப்பர்வைசருக்குள் கழிந்த நேரம், "ஜி-ஆவரேஜ்" இரண்டின் கூட்டு, அதாவது கெஸ்ட் அனுபவிப்பது. கே-ஆவரேஜ் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். தொடர்ந்து 2 மில்லிசெகண்டைத் தாண்டினால் ஹைப்பர்வைசருக்குள் வரிசை தேங்குகிறது. டி-ஆவரேஜ் 25ஐத் தாண்டினால் ஸ்டோரேஜ் பக்கம் போக வேண்டும்.

படி 5: கட்டுப்பாடான சோதனை ஒன்று

புகார் வருகிற நேரம் பார்த்துக் காத்திருக்க முடியாவிட்டால் எஃப்ஐஓ என்ற சோதனைக் கருவியை வைத்துச் செயற்கையாகச் சுமை கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. எஃப்ஐஓவுக்கு ஃபைலின் பெயரைக் கொடுங்கள். டெவ் டைரக்டரியில் உள்ள டிஸ்க்கின் பெயரைக் கொடுத்து எழுதும் சோதனை ஓட்டினால் டேட்டா முழுக்கப் போய்விடும், திரும்பக் கேட்காது.

நான் ஓட்டச் சொல்வது மூன்று சோதனைகள். மூன்றிலும் டைரக்ட் ஆப்ஷனை 1 என்று வைத்து, 60 நொடி ஓட்டுங்கள். முதலாவது, 4 கேபி ரேண்டம் வாசிப்பு, வரிசை ஆழம் (ஒரே நேரத்தில் காத்திருக்கும் வேண்டுகோள்கள்) 1. கலப்படமில்லாத லேட்டன்சியை இது காட்டும். இரண்டாவது, அதே வாசிப்பு, வரிசை ஆழம் 32, எஞ்சின் லிபெய்ஓ அல்லது ஐஓயூரிங். அமைப்பு மொத்தமாக எவ்வளவு தாங்கும் என்பதற்கு இது. மூன்றாவது, 4 கேபி எழுதியதும் ஒவ்வொரு முறையும் எஃப்டேட்டாசிங்க் கேட்பது. டேட்டாபேஸ் ஓடும் விஎம் என்றால் இந்த மூன்றாவதுதான் நிஜ வாழ்க்கைக்கு நெருக்கமானது. எட்சிடி (கிளஸ்டர்களின் விவரங்களை வைத்திருக்கும் டேட்டாபேஸ்) போன்ற மென்பொருள்கள் இந்த சிங்க் நேரம் 99 சதவீத நேரங்களில் 10 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கின்றன.

சோதனை ஃபைல் பெரிதாக இருக்கட்டும். கெஸ்ட்டில் டைரக்ட் என்று சொன்னாலும் அது கெஸ்ட்டின் கேஷை (ராமில் வைத்திருக்கும் நகல்) மட்டும்தான் தாண்டும். ஹோஸ்ட்டின் பேஜ் கேஷ் நடுவில் இருந்தால், 1 ஜிபி ஃபைல் முழுவதும் ஹோஸ்ட்டின் ராமில் உட்கார்ந்துகொண்டு அற்புதமான எண்களைக் காட்டும். டிடி கமாண்டில் பூஜ்யங்களை எழுதி "600 எம்பி வருகிறதே" என்று சொல்வதும் இதே வகைதான். கேஷும் கம்ப்ரஷனும் சேர்ந்து சொல்லும் பொய் அது. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் டிஸ்க்ஸ்பிடி இந்த வேலையைச் செய்யும்.

எண்களை எழுதி வையுங்கள். இனி வரும் படிகளில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அப்புறம் இதே மூன்று சோதனைகள். நான்கை ஒன்றாக மாற்றினால் வேகம் கூடினாலும் எதனால் கூடியது என்று தெரியாது.

படி 6: விர்ச்சுவல் கன்ட்ரோலரைப் பாருங்கள்

விஎம் உருவாக்கும்போது டீஃபால்ட்டாக ஐடிஇ (பழைய வகை கன்ட்ரோலர்) வந்திருந்தால், கெஸ்ட் பழங்கால ஹார்டுவேரோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் ஒரு வேண்டுகோளைத்தான் அனுப்பும். கீழே என்விஎம்இ (அதிவேக எஸ்எஸ்டி) இருந்தும் புண்ணியமில்லை. கேவிஎம், ப்ராக்ஸ்மாக்ஸில் (கேவிஎம்மை நிர்வகிக்கும் மென்பொருள்) விர்ட்ஐஓ (விஎம்களுக்கென்றே உருவாக்கிய கன்ட்ரோலர்) பிளாக் அல்லது விர்ட்ஐஓ ஸ்கசி, விஎம்வேரில் பிவிஸ்கசி, ஹைப்பர்-வியின் முதல் தலைமுறை விஎம்களில் டேட்டா டிஸ்க்குகளுக்கு ஸ்கசி கன்ட்ரோலர் என்று மாற்றுங்கள்.

டிஸ்க்கின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். "விடிஏ" என்று இருந்தால் விர்ட்ஐஓ பிளாக் என்று கொள்ளலாம். ஆனால் "எஸ்டிஏ" என்பது பழைய எமுலேஷனாகவும் இருக்கலாம், வேகமான விர்ட்ஐஓ ஸ்கசியாகவும் இருக்கலாம். எல்எஸ்பிசிஐ போட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் விஎம்மில் பூட் டிஸ்க்கை நேரடியாக விர்ட்ஐஓவுக்கு மாற்றிவிட்டுப் பூட் செய்தால் நீலத் திரைதான் வரும். டிரைவர் ஃபைல் உள்ளே இருந்தாலும், பூட் நேரத்தில் அதை ஏற்ற வேண்டும் என்று விண்டோஸுக்குத் தெரியாது. சுற்றுவழி எளிது: பூட் டிஸ்க்கைத் தொடாமல், 1 ஜிபியில் காலி டிஸ்க் ஒன்றை விர்ட்ஐஓவில் சேர்த்துப் பூட் செய்யுங்கள். டிரைவரை நிறுவி, அந்தக் காலி டிஸ்க் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் தெரிகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு அணைத்துவிட்டு, பூட் டிஸ்க்கை மாற்றி, காலி டிஸ்க்கைக் கழற்றிவிடலாம். பூட் டிஸ்க்குக்கு எந்த வகை விர்ட்ஐஓ கன்ட்ரோலர் தரப்போகிறீர்களோ, காலி டிஸ்க்குக்கும் அதே வகை வேண்டும். லினக்ஸில் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட் நேர டிரைவர்கள் இருக்கும் இமேஜ்) விர்ட்ஐஓ இருக்கிறதா என்பதையும், எஃப்எஸ்டேப்பில் டிஸ்க்கின் பெயர் இல்லாமல் யூயூஐடி (மாறாத அடையாள எண்) இருக்கிறதா என்பதையும் மாற்றுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கெஸ்ட்டுக்குள் ஐஓ ஷெட்யூலரை (வேண்டுகோள்களை வரிசைப்படுத்துவது) "நன்" அல்லது "எம்க்யூ-டெட்லைன்" என்று வைப்பது பற்றி நிறையப் பேசப்படுகிறது. வைக்கலாம், கெடுதல் இல்லை. பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

படி 7: இமேஜ் ஃபைலும் ஸ்னாப்ஷாட்டும்

கெஸ்ட்டுக்கும் ஹோஸ்ட்டுக்கும் நடுவில் நேரம் காணாமல் போகிறதென்றால் என் முதல் சந்தேகம் ஸ்னாப்ஷாட்தான். ஸ்னாப்ஷாட் எடுத்ததும் பழைய இமேஜ் பூட்டப்பட்டு, புது எழுத்துக்களெல்லாம் தனி டெல்டா ஃபைலுக்குப் போகின்றன. ஐந்து ஸ்னாப்ஷாட் அடுக்கியிருந்தால், வாசிக்க வேண்டிய பிளாக் எந்த அடுக்கில் இருக்கிறது என்று மேலிருந்து கீழாகத் தேட வேண்டியிருக்கும். ஒவ்வொரு இடத்திலும் முதல் முறை எழுதும்போது புது இடம் ஒதுக்குகிற வேலை வேறு.

ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் பரிந்துரை. சங்கிலியில் 32 வரை அனுமதி உண்டு என்றாலும் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். மேனேஜர் திரையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று நம்பிவிடாதீர்கள். பேக்கப் மென்பொருள் பாதியில் தோற்றுப்போனால் டெல்டா ஃபைல்கள் அனாதையாக நின்றுவிடும். டேட்டாஸ்டோரைத் திறந்து, பெயரின் முடிவில் 000001, 000002 என்று எண் போட்ட விஎம்டிகே ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கன்சாலிடேட் (டெல்டாக்களை மூல டிஸ்க்கோடு சேர்ப்பது) செய்ய வேண்டும். கையால் டெலீட் செய்யவே கூடாது. சங்கிலியில் ஒரு கண்ணி போனால் மொத்த டிஸ்க்கும் போகும். கன்சாலிடேட் செய்வதே டிஸ்க்குக்குக் கனமான வேலை என்பதால், இடம் போதுமான அளவு காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆளில்லாத நேரத்தில் செய்யுங்கள்.

க்யூகவ்2 (க்யூஎமுவின் ஃபைல் ஃபார்மட்) இமேஜ்களில் க்யூஎமு-இமேஜ் கமாண்டின் இன்ஃபோவைப் பேக்கிங் சங்கிலி ஆப்ஷனோடு கேட்டால் அடுக்குகள் தெரியும். இதே ஃபார்மட்டில் அதிகம் பேசப்படாத விஷயம் இன்னொன்று இருக்கிறது. எந்த பிளாக் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைக்கு நினைவகத்தில் ஒரு கேஷ் உண்டு. டீஃபால்ட்டான 64 கேபி கிளஸ்டரில், 1 எம்பி கேஷ் 8 ஜிபி டிஸ்க்குக்குப் போதும். க்யூஎமு 3.1 முதல் லினக்ஸில் இதன் உச்சவரம்பு 32 எம்பி, அதாவது 256 ஜிபி வரை பிரச்சினையில்லை. 1 டிபி இமேஜில் எல்லா இடத்திலும் ரேண்டமாக வாசிக்கும் டேட்டாபேஸ் இருந்தால் 128 எம்பி தேவைப்படும். அது கிடைக்காதபோது ஒவ்வொரு வாசிப்புக்கும் அட்டவணைக்காக இன்னொரு வாசிப்பு நடக்கும். கேஷைக் கூட்டுங்கள், அல்லது அந்த ஒரு டிஸ்க்கை மட்டும் எல்விஎம்மின் (லினக்ஸில் டிஸ்க்கைப் பங்கிடும் முறை) மேல் ரா (அட்டவணை இல்லாத) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தின் ப்ரொவிஷனிங்கில் (எழுதும்போதுதான் இடம் ஒதுக்குவது) முதல் முறை எழுதும் இடங்கள் மட்டும் மெதுவாக இருக்கும், இரண்டாம் முறை சரியாகிவிடும். விஎம்வேரில் லேசி ஸீரோட் (முதல் முறை எழுதும்போது பூஜ்யம் நிரப்பும்) டிஸ்க்குக்கும் இதே குணம்தான். கனமாக எழுதும் டேட்டாபேஸுக்கு ஈகர் ஸீரோட் (உருவாக்கும்போதே பூஜ்யம் நிரப்புவது) எடுப்பது நல்லது.

படி 8: கேஷ் மோட்

க்யூஎமுவில் டிஸ்க்கின் கேஷ் மோடை ரைட்த்ரூ என்று வைத்திருந்தால் ஒவ்வொரு எழுத்தும் நிஜ டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகே கெஸ்ட்டுக்குப் பதில் வரும். பாதுகாப்பானது, ஆனால் மெதுவானது. "நன்" மோட் ஹோஸ்ட்டின் பேஜ் கேஷைத் தவிர்த்துவிட்டு, கெஸ்ட் ஃப்ளஷ் (கேஷில் உள்ளதை நிஜ டிஸ்க்கில் எழுதி முடிப்பது) கேட்கும்போது மட்டும் ஃப்ளஷ் செய்கிறது. சர்வர் வேலைக்கு இதுதான் என் தேர்வு. ரைட்பேக்கும் கெஸ்ட்டின் ஃப்ளஷ்ஷை மதிக்கும். ஹோஸ்ட்டில் ராம் மிச்சமிருந்தால் பரவாயில்லை.

அன்சேஃப் என்றும் ஒன்று இருக்கிறது. ஃப்ளஷ் கேட்டாலும் காதில் வாங்காது, அதனால் ராக்கெட் வேகம். மின்சாரம் போனால் ஃபைல் சிஸ்டமும் கூடவே போகும். தூக்கிப் போடப்போகிற சோதனை விஎம்முக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: நிஜ ஸ்டோரேஜ்

படி 4ல் ஹோஸ்ட்டின் எண்ணே அதிகமாக இருந்ததென்றால் நேராக இங்கே வாருங்கள்.

வாசிப்பு நன்றாக இருக்கிறது, எழுதுவது மட்டும் ஒரு நாள் திடீரென்று பல மடங்கு மெதுவாகிவிட்டது என்றால், ரெய்டு கார்டின் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி அல்லது கெப்பாசிட்டர் நன்றாக இருக்கும்வரை கார்டு எழுத்துக்களைத் தன் கேஷில் வாங்கிக்கொண்டு உடனே "ஆச்சு" என்று சொல்லிவிடும். பேட்டரி வயதாகிச் செத்ததும் பாதுகாப்புக்காக ரைட்த்ரூவுக்குத் தானாக மாறிக்கொள்ளும். எங்கும் பெரிதாகச் சத்தம் வராது. கார்டின் லாகில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். சில கார்டுகள் பேட்டரியைச் சோதிக்க அவ்வப்போது அதைத் தாங்களே முழுக்க இறக்கி ஏற்றும், அந்தச் சில மணி நேரமும் இதே மந்தம் இருக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை காரணமில்லாமல் வந்து தானாகவே போய்விடும் புகாருக்கு இதுவும் ஒரு விளக்கம்.

ரெய்டு வகையும் முக்கியம். சின்ன ரேண்டம் எழுத்து ஒன்றுக்கு ரெய்டு 10 இரண்டு டிஸ்க் வேலைகள் செய்கிறது, ரெய்டு 5 நான்கு, ரெய்டு 6 ஆறு. நொடிக்கு 80 வேண்டுகோள் தாங்கும் ஹார்ட் டிஸ்க் எட்டு இருந்தால் மொத்தம் 640. ரெய்டு 10ல் எழுதுவதற்கு 320 கிடைக்கும், ரெய்டு 6ல் 106தான். இதன் மேல் இருபது விஎம்களை ஏற்றிவிட்டு எந்த செட்டிங்கை மாற்றினாலும் கணக்கு மாறாது.

வீட்டு உபயோகத்துக்கான எஸ்எஸ்டிகளில் மின்தடைப் பாதுகாப்புக் கெப்பாசிட்டர் பொதுவாக இருப்பதில்லை. அதனால் சிங்க் கேட்கும்போதெல்லாம் ஃபிளாஷ் சிப்பில் எழுதி முடித்தபிறகே பதில் சொல்லும். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் லட்சக்கணக்கான ஐஓபிஎஸ், சிங்க் எழுத்தில் ஆயிரமோ அதற்கும் கீழேயோ ஆவது இதனால்தான். பெரிய ஃபைல் எழுதும்போது முதலில் வேகமாகப் போய் நடுவில் சட்டென்று விழுந்தால், உள்ளே இருக்கும் எஸ்எல்சி கேஷ் (எழுத்தை முதலில் வாங்கிக்கொள்ளும் வேகமான பகுதி) நிரம்பிவிட்டது. எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும்) ஹார்ட் டிஸ்க்குகளை விஎம்களுக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தின் மேல் இமேஜ் ஃபைல் வைத்திருந்தால் காப்பி-ஆன்-ரைட்டால் (மாற்றத்தைப் பழைய இடத்தில் எழுதாமல் புது இடத்தில் எழுதுவது) ஃபைல் ஆயிரக்கணக்கான துண்டுகளாகிவிடும். சிஹெச்அட்டர் கமாண்டில் பெரிய "சி" கொடியை டைரக்டரிக்குப் போட்டுவிட்டு, இமேஜைப் புதிதாக அதற்குள் நகலெடுக்க வேண்டும். ஏற்கனவே டேட்டா உள்ள ஃபைலுக்குப் போட்டால் பிடிக்காது. செக்சம் பாதுகாப்பு அந்த ஃபைலுக்குப் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் விஎம் டிஸ்க்கின் பிளாக் அளவு உருவாக்கும்போதே முடிவாகிவிடும், பிறகு மாற்ற முடியாது. அதன் பூல் (டிஸ்க்குகளின் மொத்தத் தொகுப்பு) 80 சதவீதத்தைத் தாண்டி நிரம்பியிருந்தால் முதலில் இடத்தைக் காலி செய்யுங்கள்.

விஎம்முக்குள் அழித்த இடம் கீழே உள்ள எஸ்எஸ்டிக்குத் தெரியவே தெரியாமல் இருப்பதும் உண்டு. டிஸ்கார்டை (அழித்த இடத்தைக் கீழே தெரிவிக்கும் வசதி) இயக்கி, கெஸ்ட்டில் வாரம் ஒருமுறை எஃப்எஸ்ட்ரிம் கமாண்டை ஓட விடுங்கள். விர்ட்ஐஓ பிளாக்கில் இது நடக்க கெஸ்ட் கர்னல் 5.0, க்யூஎமு 4.0 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

படி 10: நேரமும் பக்கத்து விஎம்களும்

மந்தம் எப்போது வருகிறது என்று குறித்து வைத்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். எல்லா விஎம்களிலும் ஒரே நிமிடத்தில் தொடங்கும் பேக்கப், ஆன்டிவைரஸ் ஸ்கேன், லாக் சுழற்சி ஆகியவை சேர்ந்து ஹோஸ்ட்டை மூச்சுத்திணற வைக்கும். நேரங்களைக் கலைத்துப் போடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று மட்டும் இழுக்கிறதா? டெபியனில் மென்பொருள் ரெய்டின் மாதாந்திரச் சோதனை ஓடும் நாள் அது. இரண்டாம் ஞாயிறு என்றால் இசட்எஃப்எஸ் ஸ்க்ரப் (டேட்டா முழுவதையும் படித்துச் சரிபார்ப்பது).

ஐஓபிஎஸ் வரைபடம் ஒரு வட்டமான எண்ணில், 500லோ 1000லோ, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நிற்கிறதென்றால் அது இயற்கையாக வந்ததில்லை, யாரோ வரம்பு போட்டிருக்கிறார்கள். லிப்விர்ட்டில் (கேவிஎம் விஎம்களை நிர்வகிப்பது) பிளாக் ஐஓ ட்யூன், ப்ராக்ஸ்மாக்ஸில் டிஸ்க்கின் பேண்ட்வித் பக்கம், விஎம்வேரில் டிஸ்க்கின் ஐஓபிஎஸ் வரம்பு ஆகிய இடங்களில் தேடுங்கள்.

படி 11: கிளவுடில் ஓடும் விஎம்

இங்கே ஹோஸ்ட்டை எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் வரம்புகள் எழுத்தில் இருக்கும். அமேசானின் ஜிபி2 டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். 1 ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ், குறைந்தபட்சம் 100. 100 ஜிபி டிஸ்க்குக்கு அடிப்படை 300தான். ஆனால் கையில் 54 லட்சம் கிரெடிட்டோடு தொடங்கி 3000 வரை பாயும். நொடிக்கு 3000 செலவாகி 300 வரவாகும்போது, 2000 நொடிகளில், அதாவது 33 நிமிடத்தில் கிரெடிட் தீர்ந்து வேகம் பத்தில் ஒரு பங்காகும். "சோதனையில் பறந்தது, புரொடக்ஷனில் அரை மணி நேரத்தில் படுத்துவிட்டது" என்பதன் கணக்கு இதுதான். கிரெடிட் மிச்சத்தைக் காட்டும் மெட்ரிக்கைப் பாருங்கள். ஜிபி3க்கு மாறினால் டிஸ்க்கின் அளவு எதுவானாலும் 3000 ஐஓபிஎஸ்ஸும் நொடிக்கு 125 எம்பியும் நிலையாகக் கிடைக்கும்.

டிஸ்க்குக்கு வரம்பு இருப்பதுபோல விஎம் வகைக்கும் தனி வரம்பு உண்டு. சின்ன விஎம்மில் விலையுயர்ந்த டிஸ்க்கை மாட்டினால் விஎம்மின் வரம்பில்தான் முட்டி நிற்கும். அஷூரிலும் இதே கதைதான். ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவாக்கிய அமேசான் டிஸ்க்கில் ஒவ்வொரு பிளாக்கும் முதல் முறை தொடும்போதுதான் பின்னாலிருந்து இறங்கும். அவசரமான சர்வர் என்றால் டிஸ்க் முழுவதையும் ஒருமுறை வாசித்துவிட்டுப் பயனர்களை உள்ளே விடுங்கள்.

படி 12: லேப்டாப்பில் ஓடும் விஎம்

விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ்ப்பட்டையில் ஆமைப் படம் தெரிந்தால், அது விண்டோஸின் ஹைப்பர்-விக்கு மேல் ஓடுகிறது, எல்லாமே மெதுவாகத்தான் இருக்கும். ஹைப்பர்-வியைச் சார்ந்த அம்சங்களை அணைக்க முடியுமா என்று பாருங்கள். இமேஜ் ஃபைல் இருக்கும் ஃபோல்டரை ஹோஸ்ட்டின் ஆன்டிவைரஸ் ஸ்கேனிலிருந்து விலக்குங்கள். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் கொண்ட கோட் ப்ராஜெக்ட்டை ஷேர்ட் ஃபோல்டரில் வைத்து பில்ட் செய்யாதீர்கள். டபிள்யூஎஸ்எல்2விலும் இதேதான்: சி டிரைவில் உள்ள ஃபைல்களை லினக்ஸ் பக்கத்திலிருந்து தொடும்போது ஒவ்வொன்றும் 9பி நெறிமுறை வழியாகப் போய்வர வேண்டும். ப்ராஜெக்ட்டை லினக்ஸின் ஹோம் டைரக்டரிக்கு நகர்த்தினால் கிட் ஸ்டேட்டஸ் வேகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஸ்டோரேஜ் டீமிடமோ கிளவுட் சப்போர்ட்டிடமோ போகும்போது

பந்து உங்கள் கையில் இல்லாத நிலை வரலாம். அப்போது "டிஸ்க் ஸ்லோ" என்று டிக்கெட் போட்டால் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். மந்தம் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் டைம்ஸோனோடு, அந்த நேரத்தில் கெஸ்ட்டின் ஐஓஸ்டாட் வெளியீடு, முடிந்தால் ஹோஸ்ட்டின் வெளியீடு, எஃப்ஐஓவின் மூன்று சோதனைகள் (நல்ல நாளில் எடுத்ததும் இப்போது எடுத்ததும்), வாசிப்பா எழுத்தா எது பாதிக்கிறது, இதுவரை மாற்றிப் பார்த்தவை. இவ்வளவும் முதல் மடலிலேயே இருக்கட்டும். சராசரியோடு 99வது பெர்சன்டைல் லேட்டன்சியையும் (நூற்றில் 99 வேண்டுகோள்கள் முடியும் நேரம்) சேர்த்துக் கொடுங்கள். சராசரி 2 மில்லிசெகண்ட் என்று அழகாக இருக்கும்போதே நூற்றில் ஒரு வேண்டுகோள் அரை நொடி தொங்கிக்கொண்டிருக்கலாம், பயனர் புகார் செய்வது அந்த ஒன்றைப் பற்றித்தான்.